முப்பத்தொன்றாவது ஆடு

வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறையிலும் கால்நடை பராமரிப்புத் துறையிலும் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

நான் பரமக்குடிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். பெயருக்குத்தான் ஜெராக்ஸ் கடை, பாதி நேரம் மனு தட்டச்சு செய்வதுதான் வேலை. பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு, வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்று ஒரு நாளைக்குப் பத்து மனுவாவது அடிப்பேன். 'மேற்படி பொருளில் தாங்கள் ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்ற வரியை இப்போதெல்லாம் விரலே அடித்துவிடுகிறது. இந்தக் கடிதத்தில் அந்த வரி வராது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் போன எங்கள் ஆடுகளுக்கு நிவாரணம் கேட்டுப் போட வேண்டிய மனுவெல்லாம் போட்டு முடித்தாயிற்று. மொத்தம் பதினொன்று. எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கிறது.

எங்களுடையது கீதாரிக் குடும்பம், ஊர் ஊராக ஆட்டு மந்தையை ஓட்டி மேய்க்கிறவர்கள். சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டம். ஆனால் வருஷத்தில் முக்கால்வாசி நாள் அப்பா ஊரில் இருக்க மாட்டார். அறுப்பு முடிந்த வயலில் கிடை போடுவதும் (எருவுக்காக ராத்திரி மந்தையை அங்கேயே அடைத்து வைப்பது), அது முடிந்ததும் அடுத்த ஊருக்கு மந்தையை ஓட்டுவதுமாக அவர் காலம் போகும். எங்கள் மந்தையில் 260 உருப்படி. 'உங்கள் மந்தை' என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொல்வார்கள், ஆனால் அதற்கு நாலு சொந்தக்காரர்கள். பெரியப்பாவுக்கு 110, அப்பாவுக்கு 96, சித்தப்பாவுக்கு 46. மீதி எட்டு, எங்களிடம் கூலிக்கு ஆடு மேய்க்கும் அண்ணனுக்கு. கூலியில் ஒரு பங்கைக் குட்டியாக வாங்கிக்கொண்டு, நாலு வருஷத்தில் சேர்த்த எட்டு. காதில் வெட்டியிருக்கும் குறியைப் பார்த்து யாருடையது எது என்று சொல்லிவிடுவார்கள். அப்பாவுக்குக் குறிகூட வேண்டாம், முகமே போதும்.

2023இல் எங்கள் பக்கம் மேய்ச்சல் சரியாக அமையவில்லை என்று மந்தையைத் தெற்கே ஓட்டினார்கள். டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி பிறந்த அன்று தாமிரபரணிக்குத் தெற்கே ஒரு குளத்துக்குக் கீழ்ப்புறம் கிடை. ஊர் பெயர் வேண்டாம். அங்கிருந்த அலுவலர்கள் யார் மேலும் எனக்குப் புகார் கிடையாது. விதி என்ன சொன்னதோ அதைத்தான் அவர்கள் செய்தார்கள். என் புகார் விதி மேல்தான்.

அந்த மழையைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டு கிடந்ததை நாடே டிவியில் பார்த்தது. அந்த ராத்திரிதான் குளம் உடைந்து எங்கள் கிடைக்குள் தண்ணீர் வந்தது.

கிடையைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெரிய ஆடுகள் வலைக்குள் நிற்கும். பால்குடிக் குட்டிகளைக் கொடாப்பு போட்டு மூடி வைப்பார்கள். நரியும் நாயும் தூக்காமல் இருக்க, கவிழ்த்த கூடை மாதிரி ஒன்று. மேலே பாரத்துக்கு ஒரு கல். அன்றைக்கு நாலு கொடாப்பில் 38 குட்டிகள். முழங்கால் அளவு தண்ணீர் ஏறும்போது அப்பா முதலில் வலையை அறுத்துவிட்டார், பெரிய ஆடுகளாவது மேடேறட்டும் என்று. செம்மறிக்கு ஒரு குணம் உண்டு. முன்னால் போவது எங்கே போகிறதோ அங்கேதான் பின்னால் உள்ளதும் போகும். ஒரு கூட்டம் கரைப் பக்கம் ஏறியது, பிழைத்தது. இன்னொரு கூட்டத்துக்கு முன்னால் போன கிடாய் தண்ணீர் ஓடுகிற பக்கமே திரும்பிவிட்டது. அண்ணன் கழுத்தளவு தண்ணீரில் கொடாப்பைத் தேடிப் போய்க் கல்லைத் தள்ளித் தூக்கினால், உள்ளே ஒன்றும் இல்லை. குட்டிகள் எப்போது வெளியே போயின என்றே தெரியவில்லையாம். இருட்டில் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டதாம்.

போனது 112 பெரிய ஆடு, 38 குட்டி. அப்பாவுக்கு 40, பெரியப்பாவுக்கு 45, சித்தப்பாவுக்கு 19. அண்ணனுடைய எட்டும் போய்விட்டன.

பஸ் ஓட ஆரம்பித்ததும் நானும் போனேன். சீமைக்கருவேல முள்ளில் சிக்கி, பாலத்துத் தூணில் அடைத்து, ஒரு வாழைத் தோப்புக்குள் ஒதுங்கி என்று மூன்று இடத்தில் 41 உடல் கிடைத்தது. மற்றது எல்லாம் ஆற்றோடு கடலுக்குப் போயிருக்கும். கால்நடை மருத்துவர் டிராக்டரில் வந்தார். சின்ன வயசு அம்மா, முந்தின நாளும் சாப்பிடவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. ஊதிப்போன உடல்களுக்கு நடுவே நின்று ஒவ்வொன்றாக எண்ணி, அப்பாவைப் பக்கத்தில் நிறுத்தி ஜிபிஎஸ் கேமராவில் படம் எடுத்து, பரிசோதனைச் சான்று எழுதினார். அவருக்கு நாங்கள் எப்போதும் கடன்பட்டவர்கள். ஜேசிபி வைத்துக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினார்கள்.

அப்புறம்தான் படிவம் வந்தது. அதில் 'பயனாளியின் பெயர்' என்று ஒரே ஒரு கோடு. மந்தைக்கு ஒரு பெயர் சொல்லுங்கள் என்றார்கள். பெரியப்பா அப்பாவைக் காட்டினார், எழுதப் படிக்கத் தெரிந்தவர் அவர்தான் என்பதால். அந்த ஒரு கோட்டில் மூன்று குடும்பமும் ஒரு அண்ணனும் அப்பா பெயருக்குள் போய்விட்டார்கள். அன்றைக்கு அது எங்களுக்கு உறைக்கவே இல்லை. தினமும் மனு அடிக்கிற எனக்கே உறைக்கவில்லை என்பதுதான் இன்றுவரை என் மனதில் குத்துகிறது.

கொஞ்ச நாள் கழித்து அலுவலகத்தில் சொன்னார்கள்: 41க்குச் சான்று இருக்கிறது, ஆனால் 30க்குத்தான் பணம். ஏன் என்றதற்கு ஒருவர் தன் போனிலேயே விதிமுறையைத் திறந்து காட்டினார். நானும் படித்தேன். பிறகு கடைக்கு வந்து முழுவதும் பிரிண்ட் எடுத்துப் படித்தேன்.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு வகுத்த விதிமுறை அது, 2022-23 முதல் 2025-26 வரைக்குமானது. கறவை மாடு, எருமைக்கு 37,500 ரூபாய். செம்மறி, வெள்ளாடு, பன்றிக்கு 4,000. உழவு மாட்டுக்கு 32,000, கன்றுக்கு 20,000. கோழிக்கு 100, அதுவும் ஒரு வீட்டுக்கு 10,000க்கு மேல் கிடையாது. இதற்கெல்லாம் கீழே ஒரு வரி: ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் மூன்று பெரிய கறவை, அல்லது முப்பது சிறிய கறவை (ஆடு இதில்தான் வரும்). எத்தனை செத்திருந்தாலும் அவ்வளவுதான். இன்னொரு வரி: பொருளாதார ரீதியாகப் பயன்தரும் கால்நடைகளின் இழப்புக்கு மட்டுமே. எங்கள் 38 குட்டியை அந்த வரியைக் காட்டித்தான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆறு மாதம் கழித்து அந்தக் குட்டிகளில்தான் அப்பா வட்டியைக் கட்டுவார் என்பது அந்த வரியை எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயம் இல்லை.

இந்த விதி கெட்ட விதி என்று நான் சொல்லவில்லை. வீட்டுக் கொட்டகையில் ரெண்டு மாடும் புறக்கடையில் நாலு ஆடும் வைத்திருக்கும் வீட்டுக்கு அது சரியாகப் பொருந்தும். தமிழ்நாட்டில் ஆடு வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள்தான். பசுவுக்கு 30,000 இருந்ததை 37,500 ஆகவும், ஆட்டுக்கு 3,000 இருந்ததை 4,000 ஆகவும் தமிழ்நாடு அரசு கொடுத்தது அதே டிசம்பரில்தான். அதற்கு நன்றி சொல்லாமல் விட்டால் அது முறையில்லை. ஆனால் கிடைக்காரனை அந்த விதி அளக்கும்போது முழத்தை வைத்துக்கொண்டு ஏரியை அளந்த மாதிரி ஆகிறது. ஆடுதான் அவன் நிலம், அவன் வங்கி, அவன் மகள் கல்யாணம். அவனிடம் வேறு ஒன்றும் இல்லை. பத்து ஏக்கர் நெல் மூழ்கினால் தண்ணீர் வடிந்ததும் மண்ணாவது மிஞ்சும். 112 ஆடு போனால் என்ன மிஞ்சும், சொல்லுங்கள். வலை மிஞ்சியது. அதையும் அறுத்துவிட்டிருந்தார்.

கணக்கைப் பாருங்கள். முப்பது ஆட்டுக்கு 1,20,000 ரூபாய். அடுத்த தை மாதம் எட்டயபுரம் சந்தையில் சினையாடு ஒன்றுக்கு எங்களிடம் ஒன்பதாயிரம் கேட்டார்கள். அந்த விலைக்கு 112 ஆடு என்றால் பத்து லட்சத்துக்கு மேல். வந்த பணத்தில் பதின்மூன்று ஆடு வாங்கலாம். அதையும் மூன்று வீட்டுக்குப் பங்கு வைத்தோம்.

வந்த பணம் என்று சுலபமாக எழுதிவிட்டேன், வர ஏழு மாதம் ஆனது. ஆடு செத்த ஊரில் 'உங்கள் ஸ்மார்ட் கார்டு ராமநாதபுரம் முகவரி, உங்கள் ஊரில் போய்க் கேளுங்கள்' என்றார்கள். சரி என்று எங்கள் ஊருக்கு வந்து விஏஓவிடம் கேட்டால், அவர் பாவம், குழம்பிப்போய், 'இங்கே வெள்ளமே வரவில்லையே அம்மா' என்றார். அவர் சொன்னதும் உண்மை. எங்கள் ஊர்க் கண்மாய் அந்த மாதம் பாதிகூட நிறையவில்லை. வெள்ளம் வந்த ஊரில் எங்களுக்கு வீடு இல்லை, வீடு இருக்கிற ஊரில் வெள்ளம் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸில் ஒன்பது தடவை போய் வந்தேன். கடை முதலாளி நல்ல மனுஷன் என்பதால் சம்பளம் பிடிக்கவில்லை.

இதை நான் குறையாகச் சொல்வதைவிடக் கேள்வியாகவே கேட்கிறேன். ராமநாதபுரத்து ஆள் ஒருவர் திருநெல்வேலி பஸ்ஸில் போகும்போது வெள்ளத்தில் இறந்தால், அவர் குடும்பத்திடம் 'உங்கள் ஊரில் வெள்ளம் வந்ததா' என்று யாராவது கேட்பார்களா? எங்கே இறந்தாரோ அங்கேதானே கணக்கு. ஆடு எந்த ஊர் எல்லையில் செத்ததோ அந்த ஊர்ச் சான்றே போதும், பணம் மட்டும் குடும்ப அட்டையோடு சேர்ந்த வங்கிக் கணக்குக்குப் போகட்டும் என்று ஒரு சுற்றறிக்கை போட எத்தனை நாள் ஆகும்? இதற்கு டெல்லியைக் கேட்க வேண்டியதும் இல்லை. இழப்புக்கு யார் சான்று தர வேண்டும் என்பதை மாநில அரசே முடிவு செய்யலாம் என்று அந்த விதிமுறையிலேயே இருக்கிறது.

முப்பது என்ற உச்சவரம்பு மத்திய அரசு போட்டது, எங்கள் கையில் இல்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் அதே விதிமுறையில் மனித உயிரிழப்புக்கு 4 லட்சம்தான். 2023 டிசம்பரில் தமிழ்நாடு அதை 5 லட்சமாகக் கொடுத்தது. மேலே போட்ட ஒரு லட்சம் மாநிலத்தின் சொந்தப் பணம். ஆக, மத்திய விதி போட்ட கோட்டுக்கு மேலே நம் அரசு எழுத முடியும், எழுதியும் இருக்கிறது. கிடைக்காரர்களுக்காகவும் அப்படி ஒரு முறை எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இத்தனை பேருக்குக் கொடுக்கப் பணத்துக்கு எங்கே போவது என்று நிதித்துறை கேட்கலாம். 2019 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் ஏறத்தாழ 45 லட்சம் செம்மறி, 99 லட்சம் வெள்ளாடு. அத்தனையும் மந்தை இல்லை. மந்தையோடு அலைபவர்கள் எத்தனை பேர் என்று எண்ண இப்போது ஒரு வழியும் பிறந்திருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய 21ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில்தான் முதல் முறையாக மேய்ச்சல் சமூகத்தாரையும் அவர்களுடைய கால்நடைகளையும் தனியாகக் கணக்கெடுக்க ஏற்பாடு செய்தார்கள். எங்கள் கிடைக்கும் வந்தார்கள். அப்பா நாலு சொந்தக்காரர் பெயரையும் தனித்தனியாக எழுதச் சொல்லி, எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். சூடு கண்ட பூனை.

வெள்ளம் வடிந்ததோடு சாவு நின்றுவிட்டதாக நினைக்காதீர்கள். நிவாரணக் கணக்கு மூடிய பிறகுதான் எங்களுக்கு இரண்டாவது சுற்று. ஈரத்திலேயே நின்று குளம்பு அழுகியது. தையில் நீலநாக்கு வந்தது. மழைக்குப் பிறகு பெருகும் சின்னக் கடிபூச்சி பரப்பும் நோய் அது. உதடு தடித்து, மூக்கில் சளி ஒழுகி, ஆடு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்கும். மேயாது, தண்ணீர் குடிக்காது. பிழைத்த 148இல் அப்படி 23 போயின. வெள்ளம் இல்லாவிட்டால் அவ்வளவு பூச்சி இல்லை, அவ்வளவு பலவீனமும் இல்லை. ஆனால் காகிதத்தில் அது 'நோய்', பேரிடர் இல்லை. 1962க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வந்தது, ஊசி போட்டார்கள், அதில் குறை இல்லை. வெள்ளம் வடிந்த ஒரு மாதத்துக்குள் மருத்துவர் சான்றோடு சாகும் ஆட்டையும் அந்த வெள்ளத்தின் கணக்கில் எழுதினால் என்ன?

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று சிலர் சொன்னார்கள். தேசிய கால்நடை இயக்கத்தில் 2024இல் மாற்றம் கொண்டுவந்து, வளர்ப்பவர் பிரீமியத்தில் 15 சதவீதம் கட்டினால் போதும், ஒரு குடும்பத்துக்கு நூறு ஆடு வரை காப்பீடு செய்யலாம் என்று ஆக்கினார்கள். நல்ல மாற்றம். உங்கள் விதியில் முப்பதோடு நிற்கும் மந்தை, அங்கே நூறு வரை போகிறது, பாருங்கள். ஆனால் ஒவ்வோர் ஆட்டின் காதிலும் பன்னிரண்டு இலக்கக் காதுவில்லை இருக்க வேண்டும், செத்தால் அந்த வில்லையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். நோயில் சாகும் ஆட்டுக்கு அது சரி. எங்கள் 112இல் 71 ஆடு கடலுக்குப் போனது. வில்லை போட்டிருந்தால் வில்லையும் சேர்ந்துதான் போயிருக்கும். அடித்துப்போன ஆட்டை மீனிடமா போய்க் கேட்பது?

இதை எழுத உட்கார்ந்தபோது மற்ற நாட்டில் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் நம் தாலுகா, மாவட்டம் போலக் கவுண்டி என்று ஒன்று. அங்கே புயலிலோ வெள்ளத்திலோ பனியிலோ மாடு ஆடு செத்தால், சந்தை விலையில் 75 சதவீதம் என்று கணக்கு வைத்துக் கொடுக்கிறார்கள். 2008இல் வந்த திட்டம், 2014 சட்டத்தில் நிரந்தரமாக்கிவிட்டார்கள். வறட்சிக்கு இன்னொரு திட்டம். வாரா வாரம் வெளியாகும் வறட்சி வரைபடத்தில் அந்தக் கவுண்டி குறிப்பிட்ட நிறத்துக்கு வந்து குறிப்பிட்ட வாரம் நின்றால், மேய்ச்சல் இழந்தவர் பணம் கேட்கத் தகுதி பெற்றுவிடுகிறார். 'எங்கள் ஊரை வறட்சி என்று அறிவியுங்கள்' என்று யாரும் யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இன்னொன்று: செத்ததற்கு வேறு ஆவணம் இல்லை என்றால், சம்பந்தமில்லாத மூன்றாம் ஆளின் சாட்சியைக்கூட எடுத்துக்கொள்ள அங்கே வழி இருக்கிறது. அவர்கள் பணக்கார நாடு, பண்ணை பெரிது, ஏமாற்று வேலையும் அங்கே இருக்கும். அவர்களைப் போலக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. உடல் கிடைக்காத ஆட்டுக்கும் ஒரு சாட்சி இருக்கலாம் என்று அங்கே ஒருவர் யோசித்திருக்கிறார், அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குச் சாட்சிக்குப் பஞ்சமே இல்லை. கிடை போட்ட வயலின் சொந்தக்காரர் ஒவ்வொரு ராத்திரியும் எத்தனை ஆடு நின்றது என்று எண்ணித்தான் பணம் கொடுக்கிறார். டிசம்பர் 15, 16 இரண்டு ராத்திரிக்கும் 260 என்று அவர் நோட்டில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் ஜெராக்ஸ் எடுத்து மூன்றாவது மனுவோடு இணைத்திருந்தேன். யாரும் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மத்திய அரசின் வரிப் பணத்தை மாநிலங்களுக்கு எப்படிப் பிரிப்பது என்று சொல்லும் 16ஆவது நிதிக்குழுவின் காலம் 2026 ஏப்ரலில் இருந்து ஐந்து வருஷம். அந்த ஐந்து வருஷத்துக்கான நிவாரண விதியைப் பேச டெல்லி போகும்போது, கோப்பில் எங்களுக்கும் ஒரு தாள் வையுங்கள். வீட்டு ஆடு வேறு, மந்தை ஆடு வேறு என்று அதில் இருக்கட்டும். குட்டிக்கும் ஒரு விலை, குறைந்தது அரை விலையாவது இருக்கட்டும். அது வரும்வரை இங்கேயே உங்கள் கையெழுத்தில் முடிகிற காரியம் ஒன்று உண்டு. படிவத்தில் 'பயனாளியின் பெயர்' என்ற இடத்தில் ஒரு கோட்டுக்குப் பதில் ஐந்தாறு கோடு போடுங்கள். மந்தைக்குள் யாருக்கு எத்தனை என்று எழுத இடம் விடுங்கள். அன்றைக்கு அப்படி இருந்திருந்தால் எங்கள் 41க்கும் பணம் வந்திருக்கும். ஒருவருக்கும் முப்பதைத் தாண்டியிருக்காது.

கடைசியாக அந்த அண்ணன். உடல் கிடைத்த 41இல் மூன்று அவருடையவை, காதுக் குறியை அப்பாவே காட்டினார். வந்த பணத்தில் பங்கு கொடுக்கப் போனபோது அவர் வாங்கவில்லை. 'உங்க பேருக்கு வந்ததுண்ணே, எனக்கு வந்தா நான் வாங்கிக்கிறேன்' என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இப்போது வேறொரு கிடையில் கூலிக்கு இருக்கிறார், மறுபடியும் ரெண்டு குட்டி சேர்த்திருக்கிறார். போன வாரம் கடைக்கு வந்தார். எட்டு ஆட்டுக்கு 32,000 ரூபாய் கேட்டு அவர் பெயரில் பன்னிரண்டாவது மனுவை அடித்து, அவர் கைரேகையும் வாங்கி வைத்திருக்கிறேன். 'பெறுநர்' என்ற இடம் மட்டும் காலியாக இருக்கிறது. எந்த ஊர் அலுவலகம் என்று நீங்கள் சொன்னால், அடித்து அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு கீதாரி மகள்